விழுந்து காட்டச் சொன்னார்கள்

தரை துடைக்கிறவள் முன்னால் நடந்துகொண்டா துடைப்பாள்? யாராவது சொல்லுங்கள். சுவரோரம் ஆரம்பித்து, பின்பக்கமாகவே நடந்து, வாசலுக்கு வந்து நிற்பதுதான் எங்கள் வேலை. துடைத்த ஈரத்தில் துடைத்தவள் கால் படக்கூடாது. சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பதினோரு வருஷமாக ஒரு ஐ.டி. கட்டடத்தில் ஐந்தாம் மாடியைத் துடைக்கிறேன். ஒரு நாள்கூட வழுக்கியதில்லை.

ஆனால் என் மகள் பார்க்கிற டி.வி. தொடரில் வரும் அம்மா தினமும் விழுகிறாள். சாயங்காலம் ஆறரை ஆனால் பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு ரிமோட் மகள் கைக்குப் போய்விடும். ஒரு ஆபீஸ் கட்டடம், அதில் ஒரு அசட்டு மேனேஜர், அவனை ஏமாற்றும் மூன்று பிள்ளைகள், கூடவே தரை துடைக்கிற ஒரு அம்மா. இந்தியில் எடுத்துத் தமிழில் பேசவைத்தது. மேனேஜரும் பிள்ளைகளும் பாடப்புத்தகம் மாதிரி பேசுவார்கள். அந்த அம்மாவுக்கு மட்டும் எங்கள் தெருப் பேச்சு! முன்னால் நடந்து துடைப்பாள், திரும்புவாள், தான் துடைத்த ஈரத்திலேயே தொப்பென்று விழுவாள். பக்கெட் தலையில் கவிழும். உடனே எங்கிருந்தோ நூறு பேர் சிரிக்கிற சத்தம். மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"துடைக்கவே தெரியாதவளுக்கு எவன் வேல குடுத்தான்?" என்று ஒரு நாள் டி.வி.யைப் பார்த்துக் கத்தினேன்.

"அய்ய, சும்மா இரும்மா. காமெடிம்மா அது."

அவளுக்கு எட்டு வயது. நான் வேலை செய்வதை அவள் பார்த்ததே இல்லை. அம்மா என்றால் இதுதான் என்று அவள் மனதில் பதிந்துவிடுமோ என்ற பயம்தான் எனக்குக் கோபமாக வந்தது.

போன மாசம் ஆபீசில் குழந்தைகள் விழா. வருஷாவருஷம் நடப்பதுதான், அந்தத் தடவைதான் எங்கள் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார்கள். தீபாவளிக்கு எடுத்த ஃப்ராக்கைப் போட்டு மகளைக் கூட்டிப்போனேன். ஏன் திடீரென்று இந்தப் பெரிய மனசு என்று அங்கே போனதும் புரிந்தது. ஹெச்.ஆர். பெண்கள் அந்தத் தொடரையே நாடகமாகப் போடுகிறார்களாம். துடைக்கிற அம்மா வேஷத்துக்குத்தான் ஆள் சம்பளத்திலேயே இருக்கிறாளே!

"ஒரே ஒரு தடவை வழுக்கி விழணும், அவ்ளோதான்க்கா. நீங்க பண்ணா ரியலா இருக்கும்," என்றாள் ஒரு பெண்.

பதினோரு வருஷம் விழாதவள் விழுந்தால்தான் ரியலாம்! முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், "சொல்ப அட்ஜஸ்ட் மாடிக்கோ அக்கா" என்று கன்னடத்தில், கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லி, கெஞ்சுகிற மாதிரி மிரட்டினார். தலையை ஆட்டிவிட்டேன்.

மேடையேறியபோது மகள் முதல் வரிசையில் இருந்தாள். பக்கத்துப் பிள்ளையிடம் என்னைக் காட்டி, காதில் என்னவோ சொன்னாள். "எங்கம்மா" என்று சொல்கிறாள் என நினைத்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குமேல் எனக்கு விழ மனசு வரவில்லை. மஞ்சள் எச்சரிக்கைப் பலகையை வைத்தேன். மாப்பைப் பிழிந்தேன். மேடையின் ஒரு மூலையில் ஆரம்பித்து, பின்பக்கமாகவே நடந்து, மறு மூலைவரை ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காமல் துடைத்தேன். பிள்ளைகள் முதலில் காத்திருந்தார்கள். பிறகு "ஃபால்! ஃபால்!" என்று கைதட்டிக் கத்தினார்கள். நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். முடித்ததும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சூப்பர்வைசர் முறைத்தார். முறைக்கட்டும். நேராக மகளிடம் போனேன். வந்து கட்டிக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"ஏம்மா நீ விழவே இல்ல? எங்கம்மா சூப்பரா விழும், பாருன்னு சொல்லி வெச்சிருந்தேனே."