மெந்தோனில் அன்னாசி வாடை

பிப்ரவரிக் குளிரில், பிரான்சின் மெந்தோன் நகரத்து எலுமிச்சைத் திருவிழாவுக்கு மகள் என்னை அழைத்துப் போயிருந்தாள். ஆரஞ்சும் எலுமிச்சையும் அடுக்கிக் கட்டிய பெரிய கப்பல் ஒன்று வீதியில் ஊர்ந்து வந்தது. சக்கரத்தில் நசுங்கிய பழத்தின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

என் சின்ன வயதில், மலேசியாவின் பெக்கான் நானாஸ் ஊரில், அன்னாசியை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் அம்மா பழம் சீவினார். கையுறை தரமாட்டார்கள். சாறு அரித்து விரலிடுக்கெல்லாம் புண்ணாகியிருக்கும். சோறு பிசையும்போது பல்லைக் கடித்துக்கொள்வார்.

ஒருநாள் பள்ளி விட்டு வந்து தொழிற்சாலை வாசலில் காத்திருந்தேன். காவல்காரன் அம்மாவின் பையைப் பிடுங்கி உதறினான். பாதி அழுகிய அன்னாசி ஒன்று உருண்டது.

"திருடுறியா? குப்பையில போடு!"

"குப்பையிலேருந்துதான்யா எடுத்தேன். புள்ளைக்கு."

"போடுன்னா போடு!"

அம்மா போடவில்லை. பழத்தைத் தரையில் ஓங்கி அடித்துப் பிளந்தார். நல்ல பாதியை என்னிடம் நீட்டினார். "அவன் பாக்கட்டும். இங்கயே நின்னு சாப்பிடு."

அழுதுகொண்டே தின்றேன். உதடு எரிந்தது.

"ம்மா, இங்க நில்லுங்க, கொஞ்சம் சிரிங்க," என்று மகள் போனைத் தூக்கினாள்.

"எடுத்துக்கோ," என்றேன். "என்னைச் சிரிக்க மட்டும் சொல்லாத."