தள்ளிப்போட்ட வேலூர்

நான் வேலூர் வரைக்கும் சைக்கிளில் போய்ச் சேராத வரை என் அக்கா சாகமாட்டாள் என்று நம்பினேன். ஐம்பதைத் தாண்டிய ஆள். கே.ஜி.எஃப்.பிலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிற, பெங்களூர் கம்பெனி ஒன்றின் ஸ்டோர் கீப்பர். எடை பார்க்கிற மெஷின் துப்பும் அட்டையில் இருக்கிற ஜோசியத்தைக்கூட நம்பாதவன். இதை நம்பினேன்.

அதற்கு அப்பாவைத்தான் குறை சொல்லவேண்டும். அவர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்ட் வாயில் நின்று மணி அடிக்கிற வேலை பார்த்தவர். அவர் அடித்தால்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டு கீழே இறங்கும். அடிக்காவிட்டால் எவ்வளவு பெரிய ஆபீசர் உள்ளே நின்றாலும் ஒரு அங்குலம் நகராது. அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆனபிறகு, அந்த மணிக்கயிறு எப்படியோ என் கைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆரம்பித்தது ரயிலில், என் வாயால். அக்கா போகிற தர்ம ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு பழைய மெஷின். இன்னொன்று வாங்க நன்கொடை கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலை வண்டியில் எங்கள் பெட்டிக்காரர்களிடம், "நான் கே.ஜி.எஃப்.லேர்ந்து வேலூர் வரைக்கும் சைக்கிள் மிதிக்கிறேன், ஆளுக்கு எவ்ளோ குடுப்பீங்க?" என்று வீரம் பேசினேன்.

"மொதல்ல உன் வயிறு போய்ச் சேரும். நீ அடுத்த நாள் போவே," என்றான் எதிர் சீட்டுக்காரன். ஆனாலும் நான் போய்ச் சேர்ந்தால் தருவதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நான் செய்யமாட்டேன் என்ற தைரியம்.

கோரமண்டல் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் தனியாக இருந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தாள். "நீ வேலூர் போய்ச் சேந்தேன்னு கேட்டுட்டுதான்டா நான் போவேன்," என்றாள்.

எல்லோரும் சொல்கிற பேச்சுதான். எனக்கு அது ஒப்பந்தமாகக் காதில் விழுந்தது.

முதல் தடங்கல் நிஜமானது. ஓட்டிப் பழகலாம் என்று கிளம்பிய முதல் நாள், எங்கள் ஊர் பாலகாட் மேட்டில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டோரம் மல்லாந்தேன். செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தார். என் வீட்டுக்காரி அநாதையாக நிற்கக்கூடாதே என்று, அந்த அம்மாவிடம் ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண்ணைச் சொல்லி, மனப்பாடம் பண்ணச் சொன்னேன். அவரும் திருப்பிச் சொன்னார். அப்போது ஒரு ஏப்பம் வந்தது. காலையில் தின்ற போண்டா. வலி போயே போச்சு.

"எழுந்திருங்க சார்," என்றார் அந்த அம்மா. "அப்படியே போய் நம்பர மாத்திடுங்க."

இதைச் சொன்னபோது அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். என்னை ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துவந்து எதிரில் நின்று குடிக்கச் சொன்னாள்.

நான் தயங்கினேன். அவளுக்கு ஒரு நாளைக்கு அளந்துதான் தண்ணீர். தாகம் தாங்காதபோது ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வாள். அவள் எதிரில் எப்படிக் குடிக்கிறது?

"குடிடா. நான் பாக்குறேன்," என்றாள்.

அண்ணாந்து குடித்தேன். தண்ணீர் கழுத்தெல்லாம் வழிந்தது. அவள் கண்ணை எடுக்காமல், ஏதோ அவள் தொண்டையில் இறங்குவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் நான் ஓட்டிவிட்டு வருகிற ஒவ்வொரு நாளும் அது வழக்கமானது.

சில வாரங்களில் கால் பழகிவிட்டது. பாலகாட் மேடு மேடாகவே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அக்காவோ சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஊசி போடுகிற கை வீங்கிக் கிடந்தது. நான் தயாராகிவிட்டால் போகவேண்டும். போய்ச் சேர்ந்தால்?

அதனால் தடங்கல்களை நானே தயாரிக்க ஆரம்பித்தேன். முழங்கால் பிசகியது. செயின் அறுந்தது. சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டுப் பக்கம் நாய் துரத்தியது. ஒரு வாரம் கழித்து அதே நாய் இன்னொரு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தது. உண்மையில் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். பிறகு குழாயில் தலையையும் சட்டையையும் நனைத்துக்கொண்டு, நொண்டியபடி அக்கா வீட்டுக்குப் போவேன். ரயிலில் என்னை 'அடுத்த வாரம்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் நனைந்து போய் நின்றேன். அக்கா சொம்பைக் காட்டினாள். குடித்தேன். பாதியில் வைத்துவிட்டேன்.

"நீ ஓட்டல," என்றாள்.

"இன்னாக்கா இது, சட்டையப் பாரு, வேர்வை..."

"தாகத்தப் பத்தி எனக்கே சொல்லித்தரியா? ஓட்டிட்டு வந்தவன் இப்பிடிக் குடிக்க மாட்டான்டா."

நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"நான் சொன்னத புடிச்சிக்கினு இருக்கியா?"

தலையை ஆட்டினேன்.

அவள் வீங்கிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "இந்த ஊசி, இந்த மெஷின்லாம் பத்தாதா எனக்கு? நீ வேற புடிச்சி நிறுத்தி வெக்கிற. முடியலடா தம்பி. வேலூர் போய்ட்டு வந்துடு."

சொம்பில் மீதி இருந்ததைக் குடித்தேன்.

அதற்கப்புறம் நிஜமாகவே ஓட்டினேன். ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து கழித்த நாட்களைக் கால் மறக்கவில்லை. கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை வி.கோட்டா வரை பாடிக்கொண்டே போனேன். பேரணாம்பட்டு மலைப்பாதை இறக்கம்தான், கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லா சாமியையும் மதபேதம் பார்க்காமல் கூப்பிட்டபடி இறங்கினேன். அடிவாரம் தாண்டி மிதித்தபோது இரண்டு தொடையும் கல்லாக இறுகிக்கொண்டன. ஒரு புளியமரத்தடியில் சைக்கிளோடு சாய்ந்தேன். இந்த முறை ஏப்பம் வந்தும் வலி போகவில்லை. அரைமணி நேரம் காலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

வேலூர் வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் கேட்டு நிம்மதியாகி இருப்பாள். சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம்.

"எங்க கீற?" என்றாள்.

"பேரணாம்பட்டுதான்கா. கால் வரல."

"சரி, வா," என்றாள். "எதுனா சாப்பிட்டியா?"

குடியாத்தத்தில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டெம்போவில், காலிக் கூடைகளுக்கு நடுவே சைக்கிளோடு வந்து சேர்ந்தேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் என்னால் படி இறங்க முடியவில்லை. அக்காவைப் பார்க்கப் போகவில்லை.

புதன்கிழமை காலை அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக ஆட்டோவோடு போனேன். பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்றிருந்தார். விடிவதற்கு முன்பே அக்கா இறந்துபோயிருந்தாள்.