ஜீப்பக்காவின் முன்சக்கரம்

மேட்டுக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அவள் ஜீப்பக்கா. அவர்களைக் காலையில் கீழே பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு போவதுதான் அவள் பிழைப்பு. பாதையோ செங்குத்தான மண்பாதை. பஸ் ஏறாது, ஆட்டோவுக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அந்தப் பழைய ஜீப்புக்குத்தான் அது மசியும்.

ஜீப்பை வாங்கியதும் வருஷக்கணக்காக ஓட்டியதும் அவள் புருஷன். கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் குறுக்கே வந்த சைக்கிள்காரரை இடிக்காமல் மயிரிழையில் தப்பியவர், வீட்டுக்கு வந்ததும் சாவியை அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அதுவரை தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தவள், அந்தச் சாவியை எடுத்தாள். காலி மைதானத்தில் கிளட்ச் கருகக் கருகப் பழகி லைசென்ஸ் வாங்கினாள். அவரோ அன்றிலிருந்து ஷெட் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஜீப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார்.

கோடை விடுமுறை முடிகிற சமயம் அது. கடைக்குப் போகலாமென்று வெறும் வண்டியோடு இறங்கும்போது அவள் பிரேக்கை அழுத்தினாள். வண்டி வெடுக்கென்று வலதுபக்கம் இழுத்தது. ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால், இடது முன்சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க எண்ணெய். ஆக்ஸிலுக்குள் இருக்க வேண்டிய கியர் ஆயில், அதை அடைத்து வைக்கும் ஆயில் சீலைத் தாண்டி வழிந்து பிரேக்கையே நனைத்திருந்தது.

முதல் கியரில் ஊர்ந்தபடியே வண்டியை ஷெட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவர் தம்பிக்கு ஆபரேஷன் என்று வெளியூரில் இருந்தார்.

"நான் வர்றவரைக்கும் எடுக்காதீங்கக்கா. பிரேக் விஷயம்."

"நீங்க எப்ப வருவீங்க?"

"அடுத்த வாரக் கடைசி ஆகிடும்."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குதே! நானே கழட்டிப் பாக்கட்டுமா?"

அவர் சிரிக்கவில்லை. சர்வீஸுக்கு விட்டால் டீ குடிக்கக்கூட நகராமல் பக்கத்திலேயே நின்று, "இது எதுக்கு, அது எதுக்கு" என்று அவர் பிராணனை வாங்குகிறவள் அவள். "வண்டிக்கு முட்டு ஸ்டாண்டு வெக்காம அடியில போயிடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

சீலும் பிரேக் லைனிங்கும் வாங்கிக்கொண்டு வந்தவளிடம் புருஷன் கேட்டார்.

"என்னவாம் அதுக்கு?"

"ஆயில் சீல் போயிடுச்சு."

"சீலா இருக்காது. பேரிங் தேஞ்சிருக்கும். வித்துத் தொலை அத."

"வந்து பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

ரேடியோ சத்தம் கூடியது.

சீல் என்னவோ ரப்பர் உதடு வைத்த ஒரு சின்ன வளையம். ஆனால் அது இருக்கும் இடம் அப்படி. சக்கரம், டிரம், ஹப், பேரிங் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் சக்கரத்தைச் சுழற்றும், கை நீளத்துக்கும் மேலான ஷாஃப்ட்டை உருவினால்தான் ஆக்ஸில் குழாயின் வாயில் அது கண்ணில் படும். பேரிங் நன்றாகவே இருந்தது. சீலின் உதடுதான் காய்ந்து கல்லாகியிருந்தது. அதை நெம்பி எடுத்துவிட்டு, இடத்தைத் துடைத்து, புதுசை வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி உட்காரவைத்தாள்.

ஷாஃப்ட்டைத் திரும்பச் செருகும்போதுதான் வினை வந்தது. இரும்பு கனம், ஒற்றை ஆளாகப் பிடித்ததில் நுனி தாழ்ந்துவிட்டது. நுனியில் இருக்கும் பற்கள் எங்கோ லேசாகச் சிக்கின மாதிரி இருந்தது. 'ஒண்ணும் ஆகியிருக்காது' என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு தள்ளிவிட்டாள். பிரேக் லைனிங்கையும் மாற்றி, எண்ணெய் ஊற்றி, மேடு பள்ளமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினாள். மறுநாள் காலையில், சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிசாய் ஒரு எண்ணெய்க் கோடு.

ஸ்பானரை வீசியெறிந்தாள். அது தகரக் கதவில் மோதிய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கொஞ்ச நேரம் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, வேறு ஸ்பானர் எடுத்தாள். எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் பார்த்தால், நினைத்தது சரி: புது ரப்பரில் நகக்கீறல் போல ஒரு வெட்டு.

வலதுபக்கத்துக்கும் சேர்த்து வாங்கியதில் இன்னொரு சீல் மிச்சம் இருந்தது. அதையும் கிழித்தால் கதை முடிந்தது. நேராக வீட்டுக்குள் போய் ரேடியோவை அணைத்தாள்.

"என்னங்க, எழுந்து வாங்க. ஷாஃப்ட்டத் தாங்கிப் பிடிக்க ஆள் வேணும்."

"நான் வந்து என்னத்தப் பாக்கப் போறேன்?"

"உங்க கண்ண யாரு கேட்டா? தோள் நல்லாத்தானே இருக்கு?"

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு செருப்பைக் காலால் தடவினார்.

ஷெட்டுக்குள் வந்ததும் பானெட்டில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். அவள் அவசரப்படுத்தவில்லை. அதற்குள் புதுச் சீலை உட்காரவைத்து, உதட்டில் கிரீஸ் தடவினாள். ஷாஃப்ட்டை அவர் கைகளில் ஏற்றிவிட்டு, டார்ச்சோடு குழாய் வாயருகே குனிந்தாள்.

"மட்டம் விடாம மெல்லத் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம் தூக்குங்க."

"தோளே கழண்டுரும் போலிருக்கு."

"கழண்டா நானே மாட்டிவிடுறேன். தள்ளுங்க."

"நில்லு, நில்லு. அடியில உரசுது. கையில தெரியுது."

அவள் நுனிக்கு அடியில் விரல் கொடுத்து ஏந்தினாள். "இப்ப?"

"இப்ப ஒண்ணுமில்ல."

ஷாஃப்ட் வெண்ணெயில் போகிற மாதிரி உள்ளே போனது. கடைசியில் பற்கள் கியரில் 'டக்'கென்று பொருந்தின. அந்தச் சத்தத்துக்கு இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

"பேரிங்கும் தேய்மானந்தான்" என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல்.

"ஆமாமா. போல்ட்ட எடுங்க."

எல்லாம் மாட்டி முடித்ததும் இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க" என்றாள். கம்பியைத் தடவிப் பிடித்து ஏறினார். இறக்கத்தில் பிரேக் அழுத்தினாள். வண்டி நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. மறுநாள் அவள் எழுவதற்குள் அவரே ஷெட்டுக்குப் போய், சக்கரத்தின் பின்புறம் துழாவி, விரலை மோந்து பார்த்திருந்தார்.

"தூசிதான்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

திங்கட்கிழமை, பின்கதவைத் திறந்து மூட ஆள் வேண்டும் என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறிவிட்டார். சாயங்காலம் திரும்பும்போது பைகளும் தண்ணீர் பாட்டில்களுமாகப் பிள்ளைகள் பின்னால் இரைச்சலிட, ஜீப் முதல் வளைவை ஏறியது.

"இந்த மேட்டுக்கு மூணாவது கியரா போடுவாங்க? இன்ஜின் கதறுது, கேக்கலையா?"

"ஓட்டுறது நான்."

சரிதான் என்று வாயை மூடிக்கொண்டார். அடுத்த வளைவு வரைக்கும்.