தம்புராவுக்குள் மயில்துத்தம்

காலண்டர் கம்பெனியில் எனக்குப் பசை வேலை. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க நீல மயில்துத்தம் கலப்போம். மூன்றாம் நாள் அது புளித்து நாறும். சோறு பிசையும்போது விரலிடுக்கிலிருந்து அந்த வாடைதான் வரும். எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு குமட்டலோடு எதையும் செய்ததில்லை.

அதிலிருந்து தப்பிக்க என்னிடம் இருந்தது ஒரு தம்புரா. தஞ்சாவூரில் வீணைப் பட்டறையொன்றில் கூட்டிப் பெருக்கிய காலத்தில் பார்த்ததை வைத்து, நானே பலா மரத்தில் குடைந்தது. சாத்தூர்ப் பக்கத்து வில்லுப்பாட்டுக் குழு ஒன்று சுருதிக்கு ஆள் தேடியது. தலைவர் கேட்டுப் பார்த்தார்.

"நாதம் நல்லாத்தான் இருக்கு தம்பி. குடமும் உடுக்கையும் அடிக்கையில யாருக்குக் கேக்கும்? அம்மன் கோயில் கொடையன்னிக்கு ஸ்பீக்கர்ல கேக்க வைங்க. அப்புறம் நீங்க நம்ம ஆளு."

அதற்கு ஒரு பிக்கப் வேண்டும்; நாணயம் அளவு பித்தளை வில்லை. மரத்தில் ஒட்டினால் அதன் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும். அதை விற்ற மைக் செட்காரர், நல்ல க்ளூ வாங்கி ஒட்டச் சொன்னார். நான் வாங்கவில்லை. வெடிக் குழாய் முதல் டைரி அட்டை வரை பசையில் நிற்கிற ஊர் இது. தம்புராவின் பின்பக்கம் கை நுழையுமளவு அறுத்து, கம்பெனிப் பசையை உள்ளே அப்பி, வில்லையை அழுத்தினேன்.

மறுநாள் மதியம் கொடை. வயரைச் செருகியதும் ஸ்பீக்கர் உறுமியது. மீட்டினேன். உறுமல் மட்டும்தான்.

"அம்மனுக்கு முந்தி இவுக பொட்டிக்குள்ள சாமி வந்துருச்சுலே," என்றார் குடம் அடிப்பவர். கூட்டம் சிரித்தது.

மைக் செட்காரர் ஓட்டைக்குள் கைவிட்டு, எடுத்து முகர்ந்தார். "என்னத்த வச்சு ஒட்டுனீக?"

"பசை."

"துத்தம் போட்டதா? ஈரத்துல அது கரண்டக் கடத்தும். கம்பிச் சத்தம் அங்கனயே செத்துரும்." கையை என் வேட்டியில் துடைத்தார்.

தலைவர் செல்போனில் சுருதியை ஓடவிட்டு மைக் முன்னால் வைத்தார். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் போனுக்குச் சாப்பாடும் போட வேண்டாம்.

கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து கரண்டியால் சுரண்டினேன். சளிபோல் வந்தது. மரத்தில் நீலம் ஏறிவிட்டது, நாற்றமும் போகவில்லை.

திங்கட்கிழமை அங்கிருந்தே தம்புராவோடு வேலைக்குக் கம்பெனி வேனில் ஏறினேன். பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்தவில்லை. அவர் கையிலும் அதே வாடை.