ஓக் அலுமாரிக்குள் என்னை விட்டுவைத்தவர்

அலுமாரிக்குள் என்னைச் சாகவிடப் பார்த்தவர் சிவம் அண்ணை. 1987இல் எங்கடின் என்ற சுவிஸ் மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் இருவரும் துப்புரவு வேலை செய்தோம். அங்கே ஆளுயர ஓக் மர அலுமாரி ஒன்று நின்றது. விக்டோரியா மகாராணி காலத்தில் ஓர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்து செய்வித்தது, இன்னொன்று கிடைக்காது என்பார் முதலாளி. உட்பக்கம் மெழுகு பூச ஏறினேன். கதவு சாத்திக்கொண்டது, பழைய பூட்டு விழுந்து இறுகிவிட்டது.

"அண்ணை, மூச்சு முட்டுது. கதவை உடையுங்கோ."

"பொறடா. முதலாளி தச்சனைக் கூட்டிவரப் போயிருக்கிறார். கீறல்கூட விழக்கூடாதெண்டு சொல்லிப்போட்டார்."

"நான் செத்தால்?"

"கத்தாதை. எங்கடை அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

அந்தப் பயத்தில் நானும் கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு முடங்கிக் கிடந்தேன். மெழுகு நெடியில் தலை சுற்றியது. கடைசியில் பொறுக்க முடியாமல் உதைத்தேன். கதவுப் பலகை பிளந்தது. வேலை போனது. நாட்டை விட்டு எங்களை எவரும் அனுப்பவில்லை.

இப்போது அலுமாரி துடைக்கச் சொன்னால் முதலில் கதவைக் கழற்றி வைக்கிறேன். அனுமதி கேட்பதில்லை.

சிவம் அண்ணை, நீங்களும் இந்த இதழ் வாசிக்கிறீர்கள். உள்ளே கிடந்தது உங்கள் சொந்தத் தம்பி என்றாலும் தச்சன் வரும்வரை காத்திருப்பீர்களா? இதே பக்கத்தில், எல்லோரும் வாசிக்கப் பதில் எழுதுங்கள்.