பகல் ஷிப்ட், நைட் ஷிப்ட்

முட்டி தேய்ந்து கிளப் ஆட்டத்தை விட்டபின், நெய்வேலியில் ஒரு கல்லூரிக்குக் கால்பந்து கோச் ஆனேன். அன்று இறுதிப்போட்டி. எதிரணியின் கோச் சேகர், என்னோடு ஒரே பிளாக்கில் வளர்ந்து ஒரே கிளப்பில் ஆடியவன். ஆட்டத்துக்கு முன் தோளில் கை போட்டான்.

"பெனால்டிக்கு இன்னும் நம்ம ஷிப்ட்டதான் கத்திகினு இருக்கியா?"

"வேற என்னடா தெரியும் எனக்கு?" என்று சிரித்தேன்.

பகல் ஷிப்ட் என்றால் இடது மூலை, நைட் ஷிப்ட் என்றால் வலது. சுரங்கத்தில் வேலை பார்த்த எங்கள் அப்பாக்களின் ஷிப்டை வைத்து, சிறுவயதில் நாங்கள் இருவரும் உண்டாக்கிய ரகசியம்.

ஆட்டம் சமனாகி பெனால்டிக்குப் போனது. "பகல் ஷிப்ட்!" என்று கத்தினேன். என் பையன் உதைக்கும் முன்பே அவர்களுடைய கோல்கீப்பர் அந்த மூலைக்குப் பாய்ந்துவிட்டான். "நைட் ஷிப்ட்!" என்றேன். அதற்கும் சரியாகப் பாய்ந்தான். சேகரைப் பார்த்தேன். அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.

நாங்கள் தோற்றபின் அவனே வந்தான். "தப்பா எடுத்துக்காதடா. இது ஜெயிச்சாதான் பர்மனென்ட் பண்ணுவோம்னாங்க. நான் இன்னும் கான்ட்ராக்ட்டுதான்."



நானும் கான்ட்ராக்ட்தான். தோளில் கை போட்டபோது, அவன் அதையும் கேட்டிருக்கலாம்.