அடிதடி இல்லாத சீனப் படம்

சீனப் படம் என்றால் அதில் யாராவது யாரையாவது பறந்து பறந்து உதைக்க வேண்டும் என்பது என் கணவரின் அசைக்க முடியாத நம்பிக்கை. விசிடி அட்டையில் நான்கைந்து சீன முகங்களைப் பார்த்தவர், பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்படித்தான் அமெரிக்காவில் குடியேறிய சீனத்து அம்மாக்களும் அவர்களுடைய பெண்களும் அல் கோபாரில் எங்கள் வீட்டு ஹாலுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

அவர்தான் எடுத்து வர வேண்டும், வேறு வழியில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் சவூதியில் சினிமா தியேட்டர் கிடையாது. தியேட்டரில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டால் கடல் பாலத்தைத் தாண்டி பஹ்ரைன் போக வேண்டும். அதற்கு விசா, லீவு, கணவரின் மனநிலை என்று பல கிரகங்கள் ஒன்றுகூட வேண்டும். விசிடி வாடகைக்குக் கொடுக்கும் கடை எங்கள் கட்டடத்துக்கு முன்னால் ஓடிய பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கமே இருந்தது. ஆனால் அதன் கண்ணாடிக் கதவில் பெண்களுக்கு அனுமதி இல்லை என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆகவே நாங்கள் எந்தப் படம் பார்ப்பது என்பதை எங்கள் வீட்டு ஆண்களின் ரசனை தீர்மானித்தது. அந்த ரசனையைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, அன்றைக்கு மதியத்துக்கு மேல் எங்கள் படக் கூட்டம் கூடும். மேல் மாடி நாகர்கோவில்காரி, பக்கத்துக் கட்டடத்துக் கோயம்புத்தூர் அக்கா, நான். வாரம் ஒரு வீடு. எந்த வீட்டில் படமோ அந்த வீட்டுக்காரி பலகாரம் போட வேண்டும். படம் முடிந்ததும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு வீட்டுக்காரி தீர்ப்புச் சொல்வாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஒரு முறை கோயம்புத்தூர் அக்கா, இந்தக் கதாநாயகனைக் கட்டிக்கொள்வதற்கு அந்த வில்லனையே கட்டியிருக்கலாம் என்று தீர்ப்பளித்தார். நாங்கள் பேசாமல் ஏற்றுக்கொண்டோம்.

அன்றைக்கு முறை என் வீட்டில். வெங்காய பஜ்ஜி போட்டிருந்தேன். பலகாரத்தைவிடச் சூடாக வீட்டில் இன்னொன்றும் இருந்தது. என் மகளுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் உண்டு, அதற்கு மேல் படிக்க இடமில்லை. பன்னிரண்டு முடிந்தால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பேன் என்பது மகளின் கட்சி. நானும் கூடவே போய், ஒரு வீடு எடுத்து, சமைத்துப் போட்டு, அவளைக் கண்ணுக்குள் வைத்துக்கொள்வேன் என்பது என் கட்சி. கணவர் கோபாரில் பேச்சிலர் வாழ்க்கை வாழட்டும் என்று நானே முடிவு செய்திருந்தேன். அவர் எந்தக் கட்சியிலும் சேராமல், "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

எங்கள் சண்டை பல மாதங்களாக ஒரே பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. நீ ஒரு கிலோ தக்காளி வாங்கியிருக்கிறாயா, தனியாகப் பஸ் ஏறியிருக்கிறாயா, ஒரு ரோட்டையாவது தாண்டியிருக்கிறாயா என்று நான் அடுக்குவேன். அவள் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஆனாலும் படத்துக்கு அவள் வேண்டும். படத்தில் பாதி சீன மொழி, மீதி இங்கிலீஷ். கீழே ஓடுகிற எழுத்தின் வேகத்துக்கு எங்கள் கண் ஓடாது. அவள்தான் தரையில் உட்கார்ந்து, பஜ்ஜியை மென்றுகொண்டே தமிழில் சொல்லுவாள். "அந்த மம்மி ரொம்ப ஆங்ரியா இருக்காங்க" என்கிற மாதிரியான தமிழ்தான், இருந்தாலும் எங்களுக்குப் போதும்.

முதல் அரை மணி நேரம் யாராவது யாரையாவது உதைப்பார்கள் என்று காத்திருந்தோம். ஒருவரும் உதைக்கவில்லை. கணவனை இழந்து, சலவைக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, கொழுக்கட்டை மாதிரி எதையோ செய்து, டப்பாவில் போட்டு, மகளின் ஆபீசுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். மகளுக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா இல்லாதபோது டப்பாவைத் திறந்து ஒன்று விடாமல் தின்கிறாள். நாகர்கோவில்காரி அங்கேயே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள். பிறகு மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கிறது. அம்மா போகக் கூடாது என்கிறாள். மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். அம்மா கதவை மறித்துக் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். மகள் வழியை விடச் சொல்கிறாள். அம்மா வாயைத் திறக்கிறாள்.

அதோடு முதல் டிஸ்க் முடிந்தது.

விசிடி என்றால் ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க். மகள் ஓடிப்போய் இரண்டாவதைப் போட்டாள். ஒரு கோயில் கூரையிலிருந்து சட்டையில்லாத ஒருவன் குதித்து, கீழே நின்ற நான்கு பேர் மேல் விழுந்தான். எழுந்து அவர்களைப் பந்தாட ஆரம்பித்தான்.

நாங்கள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நாகர்கோவில்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "யாரும்மா இது? அந்தப் பிள்ளைக்க மாப்பிள்ளையா?"

"ஆன்ட்டி, இது வேற படம். டிஸ்க் மாறிப் போச்சு."

படம் பாதியில் நின்றால் என்ன, அபிப்பிராயம் நிற்குமா? அந்த அம்மா வழி விட்டிருப்பாளா மாட்டாளா என்று விவாதம் தொடங்கியது.

"விடமாட்டா. பெத்தவ எப்படி விடுவா? ரெண்டு அடி குடுத்து உள்ள கூட்டிட்டுப் போயிருப்பா" என்றாள் நாகர்கோவில்காரி.

"விட்டிருப்பாளுங்க" என்றார் கோயம்புத்தூர் அக்கா. "அவளே சின்ன வயசுல கப்பலேறி வந்தவதானுங்களே. அன்னைக்கு அவளப் பெத்தவளும் இப்படித்தான் கதவுல நின்னிருப்பா."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். என் வீட்டுக் கதை இருவருக்கும் தெரியும். மகளும் திரும்பினாள். நான் தைரியமாகச் சொன்னேன்: "இரு, நானும் பெட்டி எடுத்துக்கிட்டு வர்றேன்னு சொல்லியிருப்பா."

"கடைய யாரு பாத்துப்பா?" என்றாள் மகள்.

"மூடிடுவா."

"ஹஸ்பண்டை யாரு பாத்துப்பா?"

"படத்துலதான் அவர் செத்துட்டாரே."

"ஆனா நம்ம அப்பா உயிரோடதாம்மா இருக்கார்!"

கோயம்புத்தூர் அக்கா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வர வேண்டியது, சிரிப்பு வந்துவிட்டது. அதை மகள் பார்த்துவிட்டதுதான் எனக்கு எரிச்சல்.

டிஸ்க்கை மாற்றி வர ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. என் கணவர் சைட்டில் இருந்தார், வர இருட்டிவிடும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கோயம்புத்தூர் அக்கா.

"அடுத்த வாரம் வரைக்கும் அந்தத் தாயி கதவுலயே நிக்கணுமா? கை கழண்டு போவும்" என்றாள் நாகர்கோவில்காரி.

"எதிர்லதானே கடை. நான் போய்ட்டு வரேன்" என்று மகள் எழுந்தாள். தனியாகவா என்று நான் அலறியதில், "அப்போ நீயும் வா" என்று, வெளியே போனால் போட வேண்டிய கறுப்பு அங்கியான அபாயாவை எடுத்து என் தோளில் போட்டாள்.

அந்த ரோட்டை நான் காருக்குள்ளிருந்துதான் பார்த்திருக்கிறேன். வீட்டு வாசலில் ஏறி, கடை வாசலில் இறங்கி, அப்படியே காலம் ஓடிவிட்டது. ஓரத்தில் நின்று பார்த்தால் அது ரோடாகவே தெரியவில்லை. பெரிய பெரிய வண்டிகள் யாரையோ துரத்திக்கொண்டு போகிற மாதிரி போயின. நான் மகளின் கையைப் பிடித்தேன், அவளைக் காப்பாற்றத்தான். அவள் இடது பக்கம் பார்த்தாள், ஒரு வண்டியை விட்டாள், இன்னொன்றை விட்டாள், "யல்லா ம்மா" என்று இழுத்துக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். நான்தான் ஓடினேன்.

நடுவிலிருந்த திட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு, "உனக்கு எப்படிடி இதெல்லாம் தெரியும்?" என்றேன்.

"டெய்லி தாண்டுறேனே. யு-டர்ன் ரொம்ப தூரம்னு ஸ்கூல் பஸ் அந்தப் பக்கமே இறக்கிவிட்டுடும்."

"எப்போலேர்ந்து?"

"நைன்த்லேர்ந்து."

எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் பின்பக்கத்தைப் பார்த்தவை. பஸ் வாசலிலேயே நிற்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ அப்பாவை டிரைவரோட சண்டை போட அனுப்புவ" என்றாள். அனுப்பியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை.

கடைக்குப் போய்ச் சேரவும் மாலைத் தொழுகைக்கு ஷட்டர் இறங்கவும் சரியாக இருந்தது. இனித் தொழுகை முடிந்துதான் திறப்பார்கள். பக்கத்து மளிகைக் கடையும் சாத்தியிருந்தது. அதன் படியோரம் இருவரும் நின்றோம். தெருவில் வண்டிகள் குறைந்து, வெளிச்சம் மங்கி, காற்று நன்றாக இருந்தது. அவளோடு இப்படி வெளியே நின்று எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நின்றதே இல்லை.

"ம்மா, நிஜமா சொல்லு. நீ எனக்காகத்தான் சென்னைக்கு வர்றேங்கிறியா?"

உனக்காகத்தான், பின்னே யாருக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். தக்காளி, பஸ், ரோடு எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. ரோடு அப்போதே கழன்று போய்விட்டது. மற்றதும் நிற்காது என்று தெரிந்தது.

"இல்ல" என்றேன். "காலையில நீயும் அப்பாவும் போயிட்டா கதவைச் சாத்திக்கிறேன். மூணு மணிக்கு நீ வந்து பெல் அடிச்சாதான் எனக்குப் பொழுதே விடியுது. நீயும் போயிட்டா நான் யாருக்குடி கதவு திறப்பேன்?"

சொல்லிவிட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை மாதச் சண்டையில் இந்த ஒன்றை மட்டும் நான் சொன்னதே இல்லை. என் அபாயாவின் விளிம்பு தரையில் புரண்டுகொண்டிருந்ததை மகள் குனிந்து தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஷட்டர் ஏறியது. உள்ளே போகக் கூடாதாகையால் அவள் கண்ணாடியில் தட்டினாள். கடைக்காரர் மலையாளி, வெளியே வந்து "எந்தா மோளே?" என்றார். அவள் கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் இந்தி, கொஞ்சம் மலையாளம் எல்லாம் கலந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இதை எடுத்துப்போகிற ஆண்கள் எல்லாரும் அடி இல்லை, இடி இல்லை என்று மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து அவரிடம் மல்லுக்கு நிற்கிறார்களாம். அப்படி யாரோதான் டிஸ்க்கை மாற்றி வைத்திருக்கிறார்கள். சரியானதைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, "நல்ல படமா?" என்று அவர் ஆவலாகக் கேட்டார். பாதி நன்றாக இருக்கிறது என்று மகள் சொன்னாள்.

மீதியைப் பார்க்க ஆரம்பித்தோம். கணவர் நடுவில் வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்று, "சண்டை எப்ப வரும்?" என்றார். "முழுக்கச் சண்டைதாண்ணா, இருந்து பாருங்க" என்றாள் நாகர்கோவில்காரி. அவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

மற்ற அம்மாக்களின் கதையெல்லாம் முடிந்து, கடைசியில்தான் படம் அந்தக் கதவுக்குத் திரும்பி வந்தது. அந்த அம்மா ஒரு வசனமும் பேசவில்லை. விரித்த கையை மெதுவாக இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றாள். மகள் போனதும் கதவைச் சாத்தினாள். மகளுக்காகச் செய்து வைத்திருந்த கொழுக்கட்டைகளை எடுத்து, மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தின்றாள். படம் முடிந்தது.

"தின்னவா செய்தா? தொண்டையில எறங்குமா?" என்று கொதித்தாள் நாகர்கோவில்காரி. படம் எடுத்தவன் ஆம்பளையாகத்தான் இருப்பான் என்றாள். நல்லா சாப்பிட்டாத்தானுங்க நாளைக்குக் கடை திறக்க முடியும், பொழைக்கத் தெரிஞ்சவ என்றார் கோயம்புத்தூர் அக்கா. கணவர் ஒரு உதையாவது வைத்திருக்கலாம் என்று சொல்லி இரண்டு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். பிறகு தீர்ப்புக்காக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்த அம்மா செஞ்சதுதான் சரி" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் தீர்ப்பு படத்தோடு போயிருக்கும். நிறுத்தவில்லை. மகளைப் பார்த்து, "நீ ஹாஸ்டல்லயே இரு. நான் அப்பாகூட இங்க இருக்கேன்" என்றேன்.

கோயம்புத்தூர் அக்கா கை தட்டினார். கணவர், "இது எப்ப முடிவாச்சு?" என்று கேட்டார். மகள் துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தேன். அவள் டிஸ்க்கை உறையில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள்.

டீ போட அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே வந்து நின்றாள்.

"ம்மா, சும்மாதானே சொன்ன?"

"தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது."

"என்னைக் கொண்டுவந்து விடவாவது வருவேல்ல?"

"விடறதுக்கு வருவேன்."

"எவ்வளவு நாள் இருப்ப?"

"நீ போன்னு சொல்ற வரைக்கும்."

"நான் சொல்லலேன்னா?" என்றாள். அத்தனை மாதம் கதவைச் சாத்திச் சாத்திச் சண்டை போட்ட பெண்ணின் குரல் அது இல்லை. பால் பொங்கி வழிந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

நாகர்கோவில்காரி எட்டிப் பார்த்தாள். "படம்தான் முடிஞ்சாச்சே, இப்ப என்னத்துக்கு ரெண்டு பேரும் அழுதுட்டு நிக்கிய?" என்று அதட்டிக்கொண்டே வந்து அடுப்பை அணைத்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய ஒரே மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். திரும்பி ஹாலுக்குப் போகாமல், அவளும் எங்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.